புபாயோடு சாப்பிட்டவர்

1

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லிக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் சுருதி கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அம்மா, இது தமிழ்தானே? என்ன லேகா இருக்கு?"

லேகா என்றால் எழுதியது. வங்காளச் சொல். கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்த என் மகளின் தமிழ் இப்படித்தான் இருக்கும். அப்பா சிகரெட் பிடிக்கிறார் என்று சொல்ல மாட்டாள்; "அப்பா சிகரெட் சாப்பிடறார்" என்பாள். இங்கே புகையையும் சாப்பிடத்தான் செய்கிறார்கள். தமிழ் பேசுவாளே தவிர படிக்கத் தெரியாது. ஒரு கோடை விடுமுறையில் அரிச்சுவடியோடு உட்காரவைத்து 'ஞ' வரைக்கும் கொண்டுபோனேன். அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது.

மாவுக் கையைத் துடைத்துவிட்டுப் படித்தேன். "வணக்கம். என் பெயர் முத்துராஜ். ஆலங்குளம் பக்கம். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். நீங்கள் போன வருஷம் போட்ட வீடியோவில், மாலை போட்ட படத்தில் இருப்பவனும் நானும் ஒரே கூடாரத்தில் இருந்தவர்கள். உங்கள் பெயருக்குப் பின்னால் சங்கரநாராயணன் என்று இருப்பதைப் பார்த்து, நம்ம ஊர்க்காரர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். அவன் அம்மாவை நான் வந்து பார்க்கலாமா?"

நான் பாளையங்கோட்டைக்காரி. கல்யாணம் ஆகி, துறைமுகத்தில் வேலை பார்த்த கணவரோடு டாக்குரியாவில் இந்தச் சந்துக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வசந்தி என்ற என் பெயரை இங்கே யாராலும் சொல்ல முடியவில்லை. வங்காளத்தில் 'வ' இல்லை. எல்லாம் 'ப' தான். முதல் வாரமே பாஷொந்தி ஆகிவிட்டேன். பால்கோவா கடைப் பலகையில் எழுத வேண்டிய பெயர்.

மாலை போட்ட படத்தில் இருப்பவன் புபாய். எதிர்வீட்டு மாஷிமாவின் ஒரே மகன். மாஷிமா என்றால் பெரியம்மா, சித்தி மாதிரி. அந்த வயதுப் பெண்மணிகளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம். இங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர். பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. அவன் பள்ளிப் பெயர் அனிர்பன். ஆனால் தெருமுனை மீன்காரர் முதல் ரேஷன் கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவன் புபாய். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலத்தில், வடக்கே பனிமலையில் பணியில் இருந்தபோது இறந்துபோனான்.

"மாஷிமாகிட்ட நான் சொல்லட்டுமா?" என்று சுருதி கேட்டாள்.

"வேண்டாம். நான் சொல்லுதேன்" என்றேன். என்னை அறியாமல் ஊர்த் தமிழ் வந்துவிட்டது. ஆலங்குளம் என்ற சொல்லைப் படித்ததன் விளைவு.

எனக்கு ஒரு சந்தேகமும் இருந்தது. புபாய் கடைசியாக விடுமுறையில் வந்தபோது, எங்கள் வீட்டு வாசலில் நின்று, "சொகமா இருக்கியளா சித்தி?" என்று கேட்டான். அதுவரை காகிமா, காகிமா என்று வங்காளத்தில் கூப்பிட்டுத் தோசை வாங்கித் தின்ற பையன். நான் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டேன். பாளையங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கேட்க வேண்டிய குரல் டாக்குரியாவில் ஒரு வங்காளிப் பையன் வாயிலிருந்து வருகிறது. "யாருடே சொல்லிக்கொடுத்தது?" என்றேன். "எங்க ஒண்ணன்" என்றான். அண்ணன் என்று சொல்ல அவன் நாக்கு வளையவில்லை.

அந்த ஒண்ணன்தான் இப்போது எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றிற்று.

2

ஒரு போர்வீரன் இறந்தால் நாடு என்ன செய்ய வேண்டுமோ அதையெல்லாம் புபாய்க்குச் செய்தார்கள். அதில் குறை சொன்னால் வாய் அழுகிவிடும். கொடி போர்த்திய பெட்டி வந்தது. எங்கள் சந்துக்குள் ராணுவ வண்டி திரும்ப முடியாது என்பதால் ஆறு வீரர்கள் தோளில் சுமந்து வந்தார்கள். மொட்டைமாடிகளில் ஆட்கள். வழக்கமாக மத்தியானம் முழுக்கக் கத்தும் பழைய இரும்பு வியாபாரிகூட வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கொடியை மடித்து மாஷிமாவின் கையில் கொடுத்த அதிகாரிக்கு அவர் மகன் வயதுதான் இருக்கும்.

சில நாள் கழித்து மாஷிமா என்னிடம் சொன்னார்: "எல்லாம் சரியாகச் செய்தார்கள், பாஷொந்தி. கொடியில் ஒரு மடிப்புக்கூடத் தப்பில்லை. ஆனால் வந்தவர்களில் யாரும் அவனோடு உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் இல்லை."

மாஷிமா குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் திருத்திவிட்டுத்தான் பேசுவார்.

அதற்கப்புறம் வருஷா வருஷம் அந்தத் தேதியில் எங்கள் பேட்டை கிளப்பில் நினைவுக்கூட்டம் நடக்கிறது. துர்கா பூஜையை நடத்துகிற அதே கிளப், அதே நாற்காலிகள், அதே தலைவர் தபன்தா. 'தா' என்பது தாதா, அதாவது அண்ணன். தபன்தா நல்ல மனிதர். யார் வீட்டில் ஆம்புலன்ஸ் வேண்டுமென்றாலும் லுங்கியோடு ஓடிவருவார். ஆனால் பேச்சு என்று எழுந்தால் கொஞ்சம் ஆபத்து. முதல் வருஷம் அவர் பேச்சில் புபாய் பனிச்சரிவில் இறந்தான். இரண்டாம் வருஷம் இரண்டு பேரைக் காப்பாற்றிவிட்டு இறந்தான். மூன்றாம் வருஷம் எதிரிகள் வந்துவிட்டார்கள். போன வருஷம் புபாய் கையில் கொடியோடு, தாய்நாட்டை மூன்று முறை வாழ்த்திவிட்டுத்தான் கண்ணை மூடினான். கூட்டத்தில் பலர் அழுதார்கள். மாஷிமா முதல் வரிசையில் கையை மடியில் வைத்துக்கொண்டு, தப்பான விடை எழுதிய பிள்ளையைப் பார்க்கிற மாதிரி தபன்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருத்தவில்லை. திருத்த அவரிடமும் சரியான விடை இல்லை. பணியின்போது என்ற ஒரு வார்த்தைக்கு மேல் அவருக்கும் எதுவும் தெரியாது.

சுருதி எடுத்துப் போட்ட வீடியோ அந்தப் பேச்சுத்தான். அதைத்தான் ஆலங்குளத்தில் முத்துராஜ் பார்த்திருக்கிறார்.

3

மாஷிமாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "எப்போது வருகிறார்?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "மீன் சாப்பிடுவாரா?" என்றார்.

தபன்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. கூடவே இருந்த வீரரே நேரில் வருகிறார் என்றால் சும்மாவா. பெரிய மேடை, ஒலிபெருக்கி என்று போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுமதி கேட்கப் போனார். என்னையும் அழைத்துப் போனார். மெட்ராஸ் வீரர் என்றால் மெட்ராஸ் சாட்சி வேண்டும் என்று அவருக்கு ஒரு எண்ணம். ஆலங்குளத்துக்கும் மெட்ராஸுக்கும் உள்ள தூரத்தை இந்த முப்பது வருஷத்தில் ஒருவருக்கும் என்னால் விளங்கவைக்க முடிந்ததில்லை.

ஸ்டேஷனில் இருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பத்தாம் வகுப்புப் பரீட்சை நேரம். மைக்குக்கு அனுமதி இல்லை" என்றார்.

"இது நாட்டுக்காக உயிர் விட்டவனுக்கு" என்றார் தபன்தா.

"தாதா, எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் என் பெண்ணே இந்த வருஷம் பரீட்சை எழுதுகிறாள். மைக் வைத்தால் முதலில் என் மனைவி வந்து உங்களைப் பிடிப்பாள்."

இதற்கு மேல் எந்தச் சட்டத்தைக் காட்டுவது. கூட்டம் கிளப் அறைக்குள், மைக் இல்லாமல் என்று முடிவாயிற்று. திரும்பும் வழி முழுக்கத் தபன்தா உதட்டை அசைத்துக்கொண்டே நடந்தார். பேச்சைச் சின்னதாக்கும் வேலையில் இருந்தார் போலிருக்கிறது.

முத்துராஜை ஹௌராவிலிருந்து என் கணவர் அழைத்துவந்தார். ஐம்பது வயதுக்குள்தான் இருக்கும். முறுக்கிவிட்ட மீசை, சாயம் போட்டது. இப்போது ஊர்ப்பக்கத்தில் ஒரு கல்லூரியில் காவல் வேலை. ஒரு தோள்பையில் துணி, இன்னொரு பை நிறையக் கருப்பட்டி. எங்கள் வீட்டில்தான் தங்கினார். சோபாவின் நுனியில் உட்கார்ந்து, காப்பியை இரண்டு மடக்கில் குடித்துவிட்டு, "அக்கா, எதிர்வீடுதானா?" என்று கேட்டார்.

"ஆமா. இப்பவே போவமா?"

"இல்லக்கா. நாளைக்குக் கூட்டத்துல பாத்துக்கிடுதேன்."

கண்ணாடி ஜன்னல் வழியாக அந்த வீட்டைப் பார்ப்பதும் குனிவதுமாக இருந்தார். பனிமலையில் வருஷக்கணக்காக இருந்த மனிதர், எட்டடிச் சந்தைத் தாண்டத் தயங்கினார்.

"இத்தனை வருஷம் ஏன் வரலை?" என்று என் கணவர் கேட்டார். குற்றம் சொல்லும் தொனியில்லை. அவருக்கு எதையும் நேரே கேட்டுத்தான் பழக்கம்.

"சர்வீஸ்ல இருந்தேன் சார். லீவு கெடைச்சா வீட்டுக்கு ஓடத்தான் தோணும். ரிட்டயர் ஆனப்புறம் வரலாம்னு நெனைச்சேன். வந்து என்னத்தச் சொல்லன்னு தெரியல. பெருசா ஒண்ணும் நடக்கல பாத்துக்கிடுங்க. அவன் ஒரு காலையில போனான், வரல. அதை அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்ல? அப்புறம் பாப்பா போட்ட வீடியோவைப் பாத்தேன். அந்தப் பெரியவர் என்ன பேசுதாருன்னு புரியல. ஆனா கைய இப்படி இப்படி ஆட்டுதாரு. துப்பாக்கி சுடுத மாதிரி காட்டுதாரு. இது என்னடான்னு இருந்துச்சு. அங்க யாரும் சுடலையே."

"இந்தியிலே பேசிருவீங்கள்ல? மாஷிமாவுக்குக் கொஞ்சம் இந்தி புரியும்" என்றேன்.

முத்துராஜ் யோசித்தார். "இந்தியில எனக்கு ஆர்டர் போடத் தெரியும்க்கா, ரிப்போர்ட் சொல்லத் தெரியும். இதைச் சொல்லணும்னா தமிழ்லதான் வரும். நீங்க சொல்லிருங்க."

ஆக, மொழிபெயர்ப்பாளர் நான். முப்பது வருஷம் மீன்கடையிலும் பாங்கிலும் பேசித் தேறிய என் வங்காளத்தை நம்பி ஒரு தாய் உட்காரப் போகிறார். அன்றைக்குப் பகல் முழுக்கச் சுருதியிடம் சொற்கள் கேட்டுக்கொண்டிருந்தேன். பனிச்சரிவுக்கு என்ன, கூடாரத்துக்கு என்ன. அவள் சொல்லச் சொல்ல, முத்துராஜ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் மெதுவாக, "அக்கா, பாப்பா பேசுத தமிழ் அப்படியே அவன் பேசுத தமிழ்" என்றார்.

4

மறுநாள் காலை கிளப் அறை நிரம்பிவிட்டது. கேரம் பலகையைச் சுவரோரம் சாய்த்து, அதன் மேல் வெள்ளைத் துணி போட்டு, புபாயின் படம். ரஜனிகந்தா மாலை. சம்பங்கியைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். முத்துராஜ் பதக்கம் குத்திய கோட்டு போட்டிருந்தார். படத்துக்கு முன்னால் நிமிர்ந்து நின்று ஒரு சல்யூட் வைத்தார். அறையே விறைத்து நின்றது.

தபன்தா பேச்சைத் தொடங்கினார். மைக் இல்லாததால் அவர் குரல் மனிதக் குரலாக இருந்தது. நான்கு வாக்கியம் பேசிவிட்டு, "மிச்சத்தைக் கூட இருந்தவரே சொல்லட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார்.

முத்துராஜ் மாஷிமாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சொல்லத் தொடங்கினார். அவர் ஒரு வாக்கியம் சொல்வார், நான் ஒரு வாக்கியம் சொல்வேன். தொலைபேசிக் கம்பி இழுப்பதும் பழுது பார்ப்பதும்தான் அவர்கள் வேலை. மலைமேல் ஒரு சின்ன முகாம். எதிரி தெரியவே மாட்டான், பனிதான் எதிரி. அன்றைக்குக் காலையில் வானம் மூடியிருந்தது.

"மேகம் மூடினா இவனுக்குக் கிச்சுடி வேணும்மா. எங்க ஊர்ல மழை பெஞ்சா இதைத்தான் திம்போம்பான். அரிசி, பருப்பு, டப்பாவில அடைச்ச பட்டாணி. எல்லாத்தையும் ஒரே குக்கர்ல போட்டு, மூடியத் தெறந்துவச்சு, கிண்டிக்கிட்டு நின்னான்."

இதை நான் சொன்னதும் அறையில் ஒரு சலசலப்பு. மழை வந்தால் கிச்சுடி என்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ளதுதான். முன்வரிசையில் யாரோ, "கூட அப்பளம் கிடைத்திருக்குமா?" என்று முணுமுணுத்தார்.

அப்போது கம்பி அறுந்த செய்தி வந்தது. அன்றைக்குப் புபாயின் முறை. இன்னும் இரண்டு பேரோடு கிளம்பினான். முத்துராஜ் அங்கேயே தொலைபேசிக் கருவியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கொஞ்சத் தூரம் போனதும் மேலேயிருந்து பனி சரிந்தது. பின்னால் வந்த இரண்டு பேர் பிழைத்தார்கள். முன்னால் போன புபாயை மறுநாள்தான் எடுக்க முடிந்தது.

"அவ்வளவுதாம்மா நடந்தது" என்றார் முத்துராஜ். "வேற ஒண்ணும் இல்ல. கம்பியச் சரிபண்ணப் போனான். அந்தக் கம்பி இல்லன்னா மேல இருக்கவங்களுக்குக் கீழ பேச முடியாது."

நான் சொல்லி முடித்தேன். தபன்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாஷிமா வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது மாதிரி கையைத் தூக்கினார்.

"கிளம்பும்போது என்ன சொன்னான்?"

நான் தமிழில் கேட்டேன்.

"கரண்டிய என் கையில குடுத்துட்டு, கிண்டச் சொன்னாம்மா. அடி பிடிச்சிரும்னு."

நான் வங்காளத்தில் சொன்னேன். மாஷிமா, "இந்தியில் சொன்னானா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. தமிழ்ல."

தமிழில் என்று நான் சொன்னபோது என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது. மாஷிமா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "எனக்கு மொழிபெயர்க்க வேண்டாம், பாஷொந்தி. அவன் எப்படிச் சொன்னானோ அப்படியே சொல்லச் சொல்."

முத்துராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, குரலை இளசாக்கி, வாயைக் குவித்துக்கொண்டு சொன்னார்: "ஒண்ணே, கிண்டு, கிண்டு. நிக்காதே. ஓடி பிடிக்கும்."

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கக்கூடாத இடம் என்று தெரியும், இருந்தும் சிரித்துவிட்டேன். அடி ஓடியாகிவிட்டது. வங்காளி நாக்கில் 'அ' எல்லாம் 'ஒ' ஆகிவிடும். பானையின் அடி ஓடிப்போய் யாரையோ பிடிக்கப் போகிறது. பின்வரிசையில் சுருதியும் சிரித்தாள். மற்றவர்களுக்குச் சொல் புரியவில்லை. ஆனால் குரல் புரிந்தது. அது புபாயின் குரல். கழுத்துச் சாய்ப்புகூட அவனுடையது. மாஷிமா கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு முறை" என்றார். முத்துராஜ் இன்னொரு முறை சொன்னார்.

"கிண்டினாயா?" என்றார் மாஷிமா, கண்ணைத் திறந்து.

"கிண்டினேம்மா. சத்தம் கேட்டு எல்லாரும் ஓடினாங்க. நான் கருவிய விட்டு நகரக்கூடாது. ஒரு கையில ரிசீவர், ஒரு கையில கரண்டி. அவன் வந்து கேப்பாம்லா."

இதைச் சொல்லும்போது என் வங்காளம் கொஞ்சம் தடுமாறியது. சுருதி பின்னாலிருந்து ஒரு சொல்லை எடுத்துக்கொடுத்தாள்.

"யார் சாப்பிட்டார்கள்?"

"எல்லாரும்மா. இருட்டினதும் தேடுததை நிறுத்த வேண்டியதாப் போச்சு. யாருக்கும் சோறு எறங்கல. ஆபீசர்தான், அவன் ஆக்கினது, சாப்பிட்டாத்தான் காலையில தோண்ட முடியும், சாப்பிடுங்கன்னாரு. சுத்தி உக்காந்து சாப்பிட்டோம்."

மாஷிமா தலையை ஆட்டினார். வெகு நேரம் ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "எப்படி இருந்தது?"

இதை நான் தமிழில் கேட்டதும் முத்துராஜ் என்னைப் பார்த்தார். "அக்கா, உள்ளதைச் சொல்லவா?"

"சொல்லுங்க."

"உப்பு கொஞ்சம் கூட."

இதை மொழிபெயர்ப்பதா? வாய்வரை 'மிக நன்றாக இருந்தது' என்ற வங்காள வாக்கியம் வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பெற்றவளிடம் மகன் கடைசியாகச் சமைத்ததில் குறை சொல்லுவதற்கா ஒருத்தி முப்பது வருஷம் இந்த ஊரில் வாழ்ந்தாள்? பக்கத்தில் தபன்தா கெஞ்சும் முகத்தோடு பார்த்தார்; கதை சுமுகமாக முடிய வேண்டும் என்ற கவலை அவருக்கு. ஆனால் மாஷிமா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷமாக முதல் வரிசையில் உட்கார்ந்து, தனக்குக் கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொண்டவர். இன்றைக்குத்தான் கேள்வி கேட்கிறார்.

"நுன் ஏக்டு பேஷி" என்றேன். உப்பு கொஞ்சம் அதிகம்.

மாஷிமா சிரித்தார். முதலில் மூக்கால் ஒரு சின்னச் சத்தம், பிறகு தோள் குலுங்க, பிறகு தலையைப் பின்னால் சாய்த்து. எங்கள் சந்தில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. "எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! போனில்கூடச் சொன்னேன். உப்பைக் கடைசியில் போடு, ருசி பார்த்துவிட்டுப் போடு என்று." கண்ணீர் வழிய எழுந்து, படத்துக்கு நேரே போய் நின்று, விரலை நீட்டினார். "கேட்டாயா? மலை மேல் போயும் அதே வேலை."

அறை முழுக்கச் சிரிப்பும் மூக்குறிஞ்சலும். மௌன அஞ்சலி என்று ஒன்று நிகழ்ச்சியில் இருந்ததை எல்லோரும் மறந்துபோனோம்.

5

அன்றைக்கு மத்தியானம் மாஷிமா வீட்டில் சாப்பாடு. முத்துராஜ் இப்போது ஒரே எட்டில் சந்தைத் தாண்டினார். இரண்டு வகை மீன். முள்ளை எடுக்கத் தெரியாமல் அவர் விழிக்க, மாஷிமா தட்டை இழுத்துத் தானே முள் எடுத்துக் கொடுத்தார். கருப்பட்டியை முகர்ந்து பார்த்து, "இது எங்கள் பாட்டாலி வெல்லத்துக்கு அண்ணன்" என்றார்.

"நீ அவனை என்னவென்று கூப்பிடுவாய்?" என்று கேட்டார்.

"மாப்ளேன்னுதாம்மா."

அதற்கு என்ன அர்த்தம் என்று மாஷிமா என்னைப் பார்த்தார். சிநேகிதர்கள் சும்மா கூப்பிடுவது என்று விளக்காமல், எனக்கு முந்திக்கொண்டு சுருதி, "ஜாமாய்" என்றாள். அதாவது மருமகன். மாஷிமா முள் எடுப்பதை நிறுத்திவிட்டு முத்துராஜை ஏற இறங்கப் பார்த்தார். "உன் பெண்ணுக்கு என்ன வயது?"

"இப்பத்தாம்மா எட்டாவது படிக்கா" என்றார் அவர், பதறிப்போய். அப்புறம்தான் அவருக்கு வேடிக்கை புரிந்தது. சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

சாயங்காலம் தபன்தா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கு நான் பௌதி, அதாவது அண்ணி. காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் டம்ளரைச் சுற்றிக்கொண்டே, "என்ன செய்ய, பௌதி. ஒன்றும் தெரியாது எனக்கு. மாஷிமா முன்னால் உட்கார்ந்திருப்பார். பெரிய சாவாக இருந்தால் கொஞ்சம் வலி குறையும் என்று நினைத்தேன். வருஷா வருஷம் கொஞ்சம் பெரிதாக்கினேன்" என்றார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாம் எல்லோரும் அப்படித்தானே செய்கிறோம். நாட்டுக்காக இறந்தவனுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் அவனைச் சிலையாக்கிவிடுகிறோம். சிலைக்கு உப்பு கூடாது, குறையாது.

எனக்குத் தெரிந்த அளவில் இதைச் சொல்கிறேன். கொடி வேண்டும், மரியாதை வேண்டும், குடும்பத்துக்குச் சேர வேண்டியது காலத்தில் சேர வேண்டும். எங்கள் சந்துக்குப் புபாயின் பெயரை வைக்கக் கேட்டிருக்கிறோம். அது ஏதோ ஒரு மேசையில் இருக்கிறது, வரும்போது வரட்டும். இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். கூட இருந்தவன் ஒருவன் அந்த வீட்டுக்கு வர வேண்டும். நாடே அவனுக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்து, போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வா என்று அனுப்பினால்கூடத் தப்பில்லை. எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசட்டும். என்னைப் போல அரைகுறையாக மொழிபெயர்க்க எந்தச் சந்திலும் ஒருத்தி இருப்பாள்.

சுருதி அன்றைக்கு எடுத்த வீடியோவை எங்கேயும் போடவில்லை. "இது பாடாவுக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டாள். பாடா என்றால் எங்கள் பேட்டை. நான் சொல்லிக்கொடுக்காத ஒன்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

6

இரண்டு நாள் கழித்து ஹௌராவில் வழியனுப்பப் போனோம். மாஷிமா வர வேண்டாம் என்றோம், கேட்கவில்லை. மஞ்சள் டாக்ஸியில் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, பாலத்தையும் படித்துறையையும் முத்துராஜுக்குக் காட்டிக்கொண்டே வந்தார். வங்காளத்தில் அவர் சொல்ல, தமிழில் இவர் தலையாட்ட, நடுவில் என்னை ஒருவரும் கூப்பிடவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

ரயிலில் இடம் பார்த்துப் பையை வைத்துவிட்டு, முத்துராஜ் கதவருகே வந்து நின்றார்.

"அடுத்த வருஷம் இதே தேதிக்கு வந்திருதேன்னு சொல்லுங்கக்கா. லீவு சொல்லிவச்சிருதேன்."

நான் சொன்னேன். மாஷிமா உடனே தலையை ஆட்டினார். வேண்டாம் என்கிற ஆட்டல். முத்துராஜின் முகம் வாடிவிட்டது.

"அந்தத் தேதியில் வராதே" என்றார் மாஷிமா. "அன்றைக்குத்தான் எல்லோரும் வருகிறார்களே. நீ பூஜைக்கு வா. பெண்டாட்டியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. அவன் இருந்திருந்தால் உன்னைப் பூஜைக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்திருப்பான். பந்தல் பந்தலாக நடக்கவைத்து உன் காலை ஒடித்திருப்பான்."

நான் இதைத் தமிழில் சொல்லச் சொல்ல, முத்துராஜ் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி நகரத் தொடங்கியபோதுதான் இந்தப் பக்கம் திரும்பினார். மாஷிமா பக்கத்திலேயே நடந்தார். சுருதி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாரேம்மா" என்றார் முத்துராஜ்.

"என்ன சொல்கிறான்?" என்று மாஷிமா என்னைக் கேட்டார்.

போகும்போது வருகிறேன் என்று சொல்கிற ஊர் நம் ஊர் மட்டுமில்லை. இங்கேயும் யாரும் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்க மாட்டார்கள்; ஆஷி, வருகிறேன் என்றுதான். முப்பது வருஷமாக இரண்டையும் தினமும் கேட்டும், ஒன்றையொன்று பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை.

"ஆஷி என்கிறார்" என்றேன்.

"ஏஷோ, பாபா, ஏஷோ" என்று மாஷிமா வண்டியைப் பார்த்துக் கையை ஆட்டினார். வா, அப்பா, வா என்று. அதை முத்துராஜுக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்லவில்லை. அவர் கதவில் நின்று, சரி என்று தலையை ஆட்டிக்கொண்டே போனார்.